கருப்பர் கிடாவும் என் இன்டர்னல் மார்க்கும்

கல்லூரியில் மூன்று வருடமும் சேர்த்து நான் உருப்படியாகப் படித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். என் வாழ்க்கையில் இதுவரை நடந்த மிகப் பெரிய அசிங்கமும் அந்த ஒரு பாடத்தால்தான் வந்தது. நான் படிக்காமல் விட்ட மற்ற பாடங்களால் இன்றுவரை யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் ஒரு கல்லூரி. பி.எஸ்சி. விலங்கியல், முதல் வருடம். எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரண்டாவது செமஸ்டரில் விருப்பப் பாடம் ஒன்று எடுத்தாக வேண்டும் என்றார்கள். பட்டியலில் இரண்டுதான் இருந்தன. ஒன்று மீன் வளர்ப்பு. இன்னொன்று 'நடத்தையின் உயிரியல்: ஓர் அறிமுகம்'. மீன் வளர்ப்புக்குச் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு என்று தெரிந்ததும் நான் யோசிக்காமல் நடத்தைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். (வீட்டில் சொன்னபோது அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒனக்கு வேண்டிய பாடந்தான்" என்றார்.)

பாடம் எடுத்தவர் வாசுகி மேடம். முதல் வகுப்புக்குப் புத்தகம் எதுவும் இல்லாமல், சோறு தின்கிற எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். வருகைப் பதிவு எடுத்துக்கொண்டே இருந்தவர், நடுவில் அந்தத் தட்டைத் தரையில் போட்டார். நாற்பது பேரும் துள்ளிவிட்டோம். குனிந்து எடுத்தார். அடுத்த நாலு பெயரைக் கூப்பிட்டார். மறுபடியும் போட்டார். இப்படியே பன்னிரண்டு முறை. பன்னிரண்டாவது முறை விழுந்தபோது என் பக்கத்தில் இருந்த சரவணன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா, உங்க காது கெட்டுப் போகலை. சத்தமும் குறையலை. இதனால நமக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லைன்னு உங்க மூளை முடிவு பண்ணிருச்சு. இதுக்குப் பேரு ஹாபிச்சுவேஷன். பழகிப் போறதுன்னு வச்சுக்கங்க. கத்துக்கிறதுலயே இதுதான் ரொம்ப அடிமட்டம். நத்தைக்குக்கூட வரும்" என்றார் மேடம்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து ஊதினார். ஊதி முடித்த கையோடு தட்டைப் போட்டார். நாற்பது பேரும் மறுபடி துள்ளினோம். சரவணன் பெஞ்சிலிருந்தே இறங்கிவிட்டான். "புதுசா ஒண்ணு குறுக்க வந்தா, பழகினது கலைஞ்சிரும். இதையும் எழுதிக்கங்க" என்றார்.

அதுவரை விலங்கியல் என்றால் கரப்பான்பூச்சியின் வயிற்றை வரைந்து பாகம் குறிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. பார்ப்பதெல்லாம் ஹாபிச்சுவேஷனாகத் தெரிந்தது. அம்மா திட்டினால் எனக்கு உறைக்காததற்கும், பஸ் ஹாரனுக்கு மாடு நகராததற்கும், எங்கள் பிரின்சிபால் பேசும்போது யாரும் நிமிர்ந்து பார்க்காததற்கும் ஒரே காரணம்தான் என்று வீட்டில் விளக்கிக்கொண்டே இருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் இரண்டே நாளில் என் விளக்கத்துக்கும் பழகிப் போனார்கள்.

மூன்றாவது வாரம் மேடம் ஒரு ஆய்வு கொடுத்தார். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பிராணி. அதற்கு ஒரு தூண்டுதல். அதற்கு அது காட்டும் ஒரு எதிர்வினை. இருபது நாள் பார்த்து, எண்ணி, கோட்டுப்படம் வரைந்து தர வேண்டும். இன்டர்னல் இருபத்தைந்து மார்க்கும் இதற்கே. சரவணன் தன் அண்ணனை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். கூடாது என்றுவிட்டார்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்போது ஒரு கிடா கட்டிக் கிடந்தது. கறுப்புக் கிடா, நெற்றியில் மட்டும் வெள்ளை. அக்காவைச் சிவகங்கைப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அக்கா மகனுக்கு அடுத்த மாதம் முடியிறக்கிக் காது குத்து, மச்சான் வீட்டுக் குலதெய்வமான கருப்பர் கோயிலில். தாய்மாமன் நான்தான். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள், மாமன் சீராகத்தான் கிடா போக வேண்டும். அந்தக் கிடா இது.

இந்தக் கிடா வெட்டில் ஒரு முறை உண்டு. கிடாவைச் சாமி முன்னால் நிறுத்தி மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது தலையைச் சிலுப்பி உடம்பை உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாதவரை பூசாரி அரிவாளைத் தொட மாட்டார். எங்கள் பக்கத்தில் பிறந்த எவனும் இதைப் பால்குடி மறப்பதற்கு முன்பே பார்த்திருப்பான்.

அதனால் ஆய்வு என்றதுமே எனக்குப் பளிச்சென்று தோன்றியது. பிராணி: கிடா. தூண்டுதல்: தண்ணீர். எதிர்வினை: சிலுப்பல். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரு வாளித் தண்ணீர், ஒரு செம்பு, நோட்டு, பேனா. அரை நிமிடத்துக்கு ஒரு செம்பு, மொத்தம் இருபது செம்பு. சிலுப்பினால் நோட்டில் ஒரு கோடு. முதல் நாள் இருபதுக்கு இருபது சிலுப்பியது. அதைவிட நான் அதிகமாக நனைந்திருந்தேன். ஒரு வாரத்தில் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. இரண்டு வாரத்தில் ஏதோ எனக்காக மனம் இரங்கியது போல ஒன்றோ இரண்டோ சிலுப்பும். பதினெட்டாம் நாள் சுத்தமாக நின்றுவிட்டது. தண்ணீர் விழ விழக் கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி, குற்றால அருவியில் நிற்கும் ஆளைப் போல நின்றது.

"ஏண்டா, தெனமும் தலைக்கு ஊத்துறியே, அதுக்குச் சளி புடிக்காதா?" என்று அம்மா கேட்டார்.

"காலேஜ் பாடம்மா."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் போய், "எங்க பய ஆட்டைத்தான் படிக்கிறான்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டு வந்தார்.

என் கோட்டுப்படத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேலே ஆரம்பித்து, வழுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அசையாமல் தரையில் படுத்துவிடும். மேடம் அதை வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டார். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. "ஒரு மூணு வாரம் இடைவெளி விட்டுட்டு, மறுபடி ஊத்திப் பாத்திருக்கணும். பழக்கம் நிக்குதா, கலையுதான்னு தெரிஞ்சிருக்கும். அதுக்குத்தான் ஒரு மார்க் குறைச்சேன்" என்றார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் இருபதைத் தாண்டிய முதல் மார்க் அது. அன்றே படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். பெருமை விடவில்லை. சரவணன் பஸ் ஏறி வந்து பார்த்தான், அவனுக்கு ஊற்றிக் காட்டினேன். சித்தப்பா பையன்களுக்கு ஊற்றிக் காட்டினேன். தபால்காரருக்குக்கூட ஊற்றிக் காட்டினேன். விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை நிறுத்தி, "ஏனப்பா, ஒரு தடவைகூடவா உனக்கு உறைக்கவில்லை?" என்று கேட்கலாம். இதே கேள்வியைப் பிற்பாடு சுமார் முந்நூறு பேர் கேட்டார்கள். சத்தியமாக உறைக்கவில்லை. கோயிலைப் பார்த்துத்தான் யோசனையே வந்தது, ஆனால் முடிவு வந்தபோது கோயில் ஞாபகத்துக்கு வரவில்லை. என் மண்டையில் கல்லூரி ஒரு கோடியிலும் கருப்பர் இன்னொரு கோடியிலும் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்த டவுன் பஸ் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த விசேஷம் அக்காவுக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். அக்காவின் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷிதான். ஆனால் கல்யாணத்தன்று எங்கள் பக்கத்துப் பந்தியில் ரசம் வருவதற்கு முன்பே மோர் வந்துவிட்டது. மூன்று வருடமாக அத்தை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒங்க வீட்டு ஆளுக எதையும் முறையாச் செய்ய மாட்டாக" என்பது அவருடைய தீர்ப்பு. காது குத்துச் சீராவது குறை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அக்காவின் ஆசை. ஒரு மாதமாகப் போன் போட்டு, "தம்பி, கிடா நல்லா இருக்கா? நொண்டாதுல்ல? கண்ணுல பூ விழுகலயே?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். நானும் ஒவ்வொரு தடவையும், "கிடா தங்கமா இருக்குக்கா" என்றே சொல்லிவந்தேன்.

கோயில் கண்மாய்க்கரையில். காலை ஏழு மணிக்கெல்லாம் நல்ல கூட்டம். பதினோரு தாம்பாளம் சீரோடு, புதுப் பட்டு வேட்டி கட்டி, கையில் கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் வந்து இறங்கினேன். அத்தை கிடாவைச் சுற்றிவந்து பார்த்தார். பல்லைப் பார்த்தார். குளம்பைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே பெரிய பாராட்டு என்பதால் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பால் கொட்டகையில் சமையல்காரர் மிளகும் சோம்பும் வறுத்து அரைத்து, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தார்.

பூசாரி கிடாவுக்கு மாலை போட்டார். முதல் செம்பு மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்.

கிடா கண்ணை மூடி முகத்தைத் தூக்கியது.

அந்த முகத்தைப் பார்த்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது செம்பு. மூன்றாவது. மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். ஐந்தாவது செம்பில் கிடா நாக்கை நீட்டி மூக்கில் வழிந்த தண்ணீரை நக்கியது. எட்டாவது செம்பில் கழுத்து மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியைப் பிடுங்கி மென்றது. ஒரு குடம் காலியாகி இரண்டாவது குடம் வந்தது. சமையல்காரர் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, "கிடா வருதாண்ணே, எண்ணெய் காயுது" என்றார்.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "சாமி மொகம் குடுக்கலைத்தா. யாரோ குத்தம் பண்ணியிருக்காக. இருந்தா இங்கனயே சொல்லிருங்க" என்றார்.

யாரும் எதிர்பார்க்காமல் அக்காவின் மாமனார் முன்னால் வந்தார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கருப்பருக்குப் படைக்கிற சுருட்டு... நான்தான் எடுத்துக் குடிக்கிறது. விட்டுட்டேன்னு வீட்டுல சொல்லி இருவது வருசம் ஆச்சு. விடலை" என்றார்.

அத்தை அவரைப் பார்த்த பார்வையில் ஈரக் கிடாவே காய்ந்திருக்கும். பூசாரி ஒரு செம்பு ஊற்றினார். கிடா அசையவில்லை.

அடுத்து மச்சான். பத்து நாள் விரதம் என்று வீட்டில் எல்லோரும் பச்சரிசிச் சோறும் பருப்புமாக இருந்தார்கள். "செவ்வாய்க்கெழம சிவகங்கை பஸ் ஸ்டாண்டுல நாலு புரோட்டா" என்றார் மச்சான் தலையைக் குனிந்துகொண்டு. அத்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கவே, "ரெண்டு ஆம்லெட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். மறுபடி ஒரு செம்பு. கிடா இன்னொரு செவ்வந்தியைத் தேடியது.

அத்தை நிமிர்ந்தார். "எங்க வீட்டு ஆளுக சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாக. இனி கிடா கொண்டாந்தவகதான் பாக்கி" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "மாமன் சீரையே சாமி வேணாங்குது."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அப்பா செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அழாமல் நின்றாள். மோரும் ரசமுமே மூன்று வருடம் ஓடியது. இது அவள் ஆயுசுக்கும் ஓடும் என்று தெரிந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. படித்தவன் அல்லவா? வாசுகி மேடத்தின் விசில் ஞாபகம் வந்தது. புதிதாக ஒன்று குறுக்கே வந்தால் பழகினது கலைந்துவிடும். சமையல் கொட்டகையில் பன்னீர் சோடாவுக்கு ஐஸ் பெட்டி இருந்தது. கயிற்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நைசாக நகர்ந்து போய், கை நிறைய ஐஸ் அள்ளிக்கொண்டு வந்து, கயிற்றைத் திரும்ப வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, மாலையைச் சரிசெய்வது போல அதன் கழுத்துக்கும் மாலைக்கும் நடுவில் திணித்தேன்.

பழகினது கலைந்தது. ஆனால் கிடா சிலுப்பவில்லை, கிளம்பிவிட்டது. கயிறு என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததால் நானும் கிளம்பினேன். சீர்த் தாம்பாளங்களின் மேல் அது ஓடியது, அதன் பின்னாலேயே நான் ஓடினேன். மேளக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். பட்டு வேட்டி கருவை முள்ளில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. (உள்ளே டவுசர் போட்டிருந்தேன், அதுவரைக்கும் கருப்பர் என் பக்கம்தான்.) கரையிலிருந்து இறங்கி இரண்டு பேரும் கண்மாய்ச் சகதியில் விழுந்தோம்.

முழுக்க நனைந்து, கொம்பில் பாசி தொங்க, கிடா முட்டளவு தண்ணீரில் எழுந்து நின்றது. கரையில் கூட்டம் வரிசை கட்டி நின்று பார்த்தது. உலகத்தில் எந்த ஆடாக இருந்தாலும் இந்த நேரத்தில் உடம்பை உதறும். அது உதறவில்லை. என்னைப் பார்த்தது, 'இன்னும் எத்தனை செம்பு பாக்கி' என்று கேட்பது போல.

அக்கா கரையோரம் வந்து நின்றாள். சின்ன வயதிலிருந்து என் முகத்தைப் படித்தவள். "டேய், நெசத்தைச் சொல்லு. என்ன பண்ணித் தொலைச்ச?" என்றாள்.

சொன்னேன். சகதியில் நின்றபடியே, இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் கேட்கும்படி, தட்டு விழுந்ததிலிருந்து தபால்காரர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். "சாமி வேணாங்கலை அத்தை. கிடாவுக்குத் தண்ணி பழகிருச்சு. நான்தான் பழக்குனேன்."

"அதெப்புடி, ஆடு சிலுப்பாமப் போகும்? கதை விடுறாப்ள" என்றது ஒரு குரல். போனை அப்பாவிடம் கொடுத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேடத்தின் கையெழுத்தோடு இருந்த கோட்டுப்படத்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். போன் கைக்குக் கை மாறியது. அதைப் பார்த்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஆட்டுக்கு ஈசிஜி எடுத்திருக்காப்ள. பாரு, கடைசீல நின்னுபோச்சு" என்று வருத்தமாகச் சொன்னார்.

அத்தை போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"இதுக்கு எம்புட்டு மார்க்கு?"

"இருபத்தஞ்சுக்கு இருபத்திநாலு அத்தை."

"அந்த ஒண்ணு ஏன் போச்சு?"

அந்த நிலைமையிலும் அதை விளக்கினேன். அத்தை கேட்டுக்கொண்டார். பூசாரி, "இப்ப என்னத்தா செய்யிறது, வேற கிடா பாப்பமா?" என்றார்.

"மாலை விழுந்த கிடா, மாலை விழுந்ததுதான். யாரு பழக்கி விட்டிருந்தா என்ன, அது தலையாட்டலை. அவுத்து விட்டுருங்க, கோயிலுக்குன்னு திரியட்டும்" என்றார் அத்தை. பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"இருவது வருசமா இவுக மேல சுருட்டு நாத்தம் அடிக்குது. கேட்டா, பூசாரி பக்கத்துல ஒக்காந்தேன்பாக. ஒம் புருசன் விரதம் இருந்து எளைச்சுட்டான்னு நேத்துக்கூட நான் கண்கலங்குனேன். அம்புட்டும் இன்னைக்கு வெளிய வந்துருச்சு. எந்த ஊருல எந்த மாமன் இப்புடி ஒரு சீரு கொண்டாந்தான்? ஒந்தம்பி சீருல ஒரு கொறையும் இல்ல தாயி" என்றார்.

முதலில் சிரித்தவள் அக்காதான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்துகொள்ள, குழந்தையைத் தூக்கிக்கொண்டே சிரித்து அழுதாள். நானும் சகதியில் நின்று அழுதேன். மாமனாரும் மச்சானும் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கறிக்கு அரைத்த மசாலாவில் சமையல்காரர் கருணைக்கிழங்கைப் போட்டார். பத்து நாள் பருப்புச் சாப்பிட்டு அன்றைக்குக் கறிச்சோறு என்று காத்திருந்த கூட்டம். ஒவ்வொரு துண்டுக் கிழங்கையும் எடுத்து, அதைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, அதன் பிறகே வாயில் போட்டார்கள். என் மடியில்தான் மருமகனுக்குக் காது குத்தினார்கள். ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, சகதி காய்ந்த என் முகத்தைப் பார்த்து அவன் வீறிட்டான். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை இன்றும் முதலில் புரட்டிக் காட்டுகிறார்கள்.

அந்தக் கிடாவுக்கு ஊரே 'காலேஜ் கிடா' என்று பெயர் வைத்தது. கோயில் கிடா என்பதால் யாரும் அடிக்க முடியாது. யார் தோட்டத்திலாவது வெண்டையை மேய்ந்தால் அக்கா மூலமாக எனக்குப் புகார் வரும், நான்தான் அதற்கு வாத்தியார் என்கிற முறையில்.

இன்னொன்றும் நடந்தது, அதை வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் தனியாக அந்தக் கண்மாய்க்கரைக்குப் போனேன். கிடா புளிய மர நிழலில் படுத்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றினேன். எழுந்து, கொம்பிலிருந்து வால் வரை, அப்படி ஒரு சிலுப்புச் சிலுப்பியது. என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தேன், நல்லவேளை யாருமில்லை. மறுநாள் வாசுகி மேடத்திடம் மட்டும் சொன்னேன். அவர் நடந்த கதை எதற்கும் சிரிக்கவில்லை. என் ரெக்கார்டை வாங்கி, இருபத்து நான்கை அடித்துவிட்டு இருபத்தைந்து என்று எழுதிக் கொடுத்தார். கிடா போன வருடம் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதனால் இப்போது பயமில்லாமல் எழுதுகிறேன்.

நான் படித்து முடித்து, ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அத்தையும் கூட வந்தார். காபி வந்தது, பெண் வந்தாள், எல்லாம் முறையாக நடந்தது. பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளைக்குச் சம்மதமான்னு அவுக வாயால ஒரு வார்த்தை..." என்று இழுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "இருங்க. எங்க புள்ளைய அப்புடிக் கேக்கக் கூடாது. ஒரு செம்புத் தண்ணி கொண்டாங்க" என்றார்.

கொண்டுவந்தார்கள். குடிப்பதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்திருப்பார்கள் பாவம். அத்தை எழுந்து வந்து, அக்கா, மச்சான், சுருட்டு மாமா எல்லோரும் பார்த்திருக்க, முழுச் செம்பையும் என் தலையில் கவிழ்த்தார். பெண் வீட்டுக்காரர்கள் பத்துப் பேரும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தலையிலிருந்து கால் வரை உதறினேன்.

கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. என் மனைவி இன்றுவரை எதற்கும் என்னிடம் வாயால் சம்மதம் கேட்டதில்லை. செம்போடுதான் வருகிறாள்.